மாடி அறை காலி இல்லை

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்பு தேவலை. கை நடுக்கம் நின்றுவிட்டது என்பதை இந்த எழுத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாய். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே?

ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்திக் கையில் மருந்துச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "நேரா வீட்டுக்குப் போகாதீங்க, கொஞ்ச காலம் இந்த மாதிரி வீட்ல இருங்க" என்று டாக்டரம்மா பிடிவாதம் பிடித்தார். நீயும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாய். இதோ வந்து சேர்ந்துவிட்டேன். குடியை விட்ட ஆறு பேர் ஒன்றாகத் தங்கி, வாடகையைப் பங்கு போட்டு, ஒருவரை ஒருவர் காவல் காக்கிற வீடு. பொறுப்பாளர் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவரும் ஒரு காலத்தில் நம்ம கட்சிதான். காலையில் விசில் ஊதித்தான் எழுப்புகிறார். டிக்கெட் கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே எழுந்திருக்கிறேன். புதிதாக வந்தவர்களின் போன் எல்லாம் அவருடைய பிஸ்கட் டப்பாவில். அதனால்தான் கடிதம்.

வாடகை ரொம்ப மலிவு. மலிவு என்றாலே எனக்குச் சந்தேகம். கூரை ஒழுகுமோ, கரையான் இருக்குமோ என்று வந்த அன்றே ஒவ்வொரு குழாயையும் திருகிப் பார்த்தேன், சுவரைத் தட்டிப் பார்த்தேன், கட்டிலைப் புரட்டினேன். ஒரு குறையும் அகப்படவில்லை. "இந்த வீட்ல எங்கேய்யா கோளாறு?" என்று கண்டக்டரிடமே கேட்டுவிட்டேன். "கோளாறெல்லாம் குடியிருக்கிறவங்ககிட்டதான் சார்" என்றார்.

மூன்று மாதம் வெள்ளோட்டம். அதற்குப் பிறகு விருப்பம் இருந்தால் தொடர்ந்து இருக்கலாம். ஆனால் மற்ற ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் மாட்டேன் என்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கு அந்தத் தொல்லையே வேண்டாம். மூன்று மாதம் முடிந்த அன்றைக்கே கிளம்பி வந்துவிடுவேன்.

கடையில் கடன் கொடுக்காதே. துடைப்பத்தைக் கட்டாக விற்றுவிடு, ஒவ்வொன்றாகக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. மாப்பிள்ளையை என் நாற்காலியில் உட்கார விடாதே. என் மாடி அறையைத் திறந்து வை, காற்று போய் வரட்டும்.

உன் அண்ணன்

*

மார்ச் 15

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் எழுதுகிறேன். கடன் கொடுக்கவில்லை. துடைப்பத்தைக் கட்டாகத்தான் விற்கிறேன். அவர் உங்கள் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே வியாபாரம் பார்த்து முழங்கால் வலிக்கிறது என்கிறார். வேறு விசேஷம் இல்லை.

அங்கே யாருடனும் சண்டை போடாதீர்கள்.

தங்கை

*

மார்ச் 28

அன்புத் தங்கைக்கு,

நலம், இடுப்பைத் தவிர. காரணத்தைக் கேள்.

இங்கே எல்லாருக்கும் முறை வைத்து வேலை. இந்த வாரம் எனக்குத் தரை துடைக்கிற வேலை வந்தது. வாளியும் துடைப்பானும் விற்றே மாடி வீடு கட்டியவன் நான். ஆனால் துடைப்பானை இந்தக் கையால் பிடித்துத் துடைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. நடைவழியில் பாதி தூரம் போயிருப்பேன், துணிப் பகுதி கழன்று ஒரு பக்கம் போனது, கம்போடு நான் ஒரு பக்கம் போனேன், வாளி எங்கள் இருவரையும் தாண்டிப் போனது.

விழுந்த இடத்திலேயே கிடந்து கத்தினேன். "எந்தத் திருட்டுப்பய இந்தக் குப்பையை வித்தான்? அவன் கடை முகவரியைக் கொடுங்க, நானே போய்க் கேக்கிறேன்!" கண்டக்டர் கம்பை எடுத்து மெதுவாகத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த கடைச் சீட்டை என் மூக்குக்கு நேரே காட்டினார். நம்ம கடை.

ஐந்து பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. என் அறையில் இருக்கிற பல் டாக்டர் சாப்பிடும்போது நினைத்துக்கொண்டு சிரிக்கிறான், புரையேறுகிறது. எனக்குப் பிடிக்காத மனிதன். "அண்ணன் கடையில கைப்பிடி தனி, துடைப்பான் தனின்னு விப்பாங்களா?" என்று கணக்கு வாத்தியார் கேட்கிறார்.

உடனே நல்லதாக ஒன்று அனுப்பு. மாடி அறையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அண்ணன்

*

ஏப்ரல் 6

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

இங்கே நலம். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

துடைப்பான் விஷயம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சிவப்பில் எழுதி, கல்லாவுக்கு மேலே நீங்களே ஆணி அடித்து மாட்டியிருக்கிறீர்கள். நான் வெறும் வேலைக்காரி, முதலாளி போட்ட சட்டத்தை மீற முடியுமா? கழுத்தில் ஒரு திருகாணி போட்டால் நிற்கும் என்று அவர் சொல்கிறார். வாங்கிப் போன இன்னும் சிலருக்கும் அவரே போட்டுக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. அவர்கள் திட்டிக்கொண்டே வந்து, வேறு சாமான் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கம்பெனியிடம் இனி சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பழைய சாக்கு மேல் பூனை குட்டி போட்டிருக்கிறது.

தங்கை

*

ஏப்ரல் 22

அன்புத் தங்கைக்கு,

நலமே. ஆனால் இந்த வீட்டில் வியாபார அறிவுக்கு மரியாதை இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன், நியாயத்தை நீயே சொல். முறை வேலை என்றால் ஒருவனுக்குப் பிடிக்காத வேலையும் வரும். வாத்தியாருக்குப் பாத்திரம் கழுவப் பிடிக்காது, ஆனால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் பிடிக்கும். டாக்டருக்குக் குப்பை கொட்டக் கூச்சம். வெல்டிங்காரருக்குக் காலையில் எழுந்திருக்க முடியாது. சரக்கு ஒரு இடத்தில் தேங்கிக் கிடக்கிறது, தேவை இன்னொரு இடத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு ஆள் வேண்டுமா வேண்டாமா? நான் உட்கார்ந்தேன். உன் வேலையை அவருக்கு, அவர் வேலையை இவருக்கு என்று மாற்றிவிட்டேன். ஒவ்வொரு மாற்றலுக்கும் எனக்குக் கமிஷனாக என் வேலையில் கொஞ்சம் அவர்கள் தலைக்குப் போனது. ஒரே வாரத்தில் எனக்கு ஒரு வேலையும் பாக்கி இல்லை. காலை ஆட்டிக்கொண்டு பேப்பர் படித்தேன்.

புதன்கிழமை எல்லாரும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சாப்பாடு இல்லை. சமையல் வேலையை வாத்தியார் வெல்டிங்காரருக்குக் கொடுத்திருந்தார், அவர் டாக்டருக்கு, டாக்டர் திரும்ப வாத்தியாருக்கே. எல்லாம் என் மூலமாகத்தான். அடுப்பு பச்சைத் தண்ணீரைக்கூடப் பார்க்கவில்லை. பசியில் இருக்கிற ஆறு குடிகாரர்களை நீ பார்த்திருக்க மாட்டாய். அதில் ஒருவர் அன்றைக்குத்தான் வேலையை இழந்து வந்திருந்தார். "வெளியில போய் ஏதாவது பாத்துக்கிறேன்" என்று செருப்பை மாட்டிவிட்டார். அவர் எதைப் பார்க்கப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். கண்டக்டர் வாசலை மறித்து நின்று, ரொட்டி வாங்கிவரச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்தார்.

ஞாயிறு கூட்டத்தில் என்னை நிற்க வைத்துத் தீர்ப்பு: நான் இருக்கிற வரை மதியச் சமையல் என்னுடையது, மாற்ற முடியாது. ஆட்களை வைத்து வேலை வாங்கினவன் இன்று வெங்காயம் உரிக்கிறேன்!

எனக்குப் போதும். ஜூன் நாலாம் தேதி மூன்று மாதம் முடிகிறது, ஐந்தாம் தேதி அங்கே இருப்பேன். மாடி அறையைக் கூட்டி, படுக்கையை வெயிலில் போட்டு வை. இத்தனை கடிதத்தில் அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, ஏன்? கூரை ஒழுகுகிறதா?

அண்ணன்

*

மே 3

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நலம். கூரை ஒழுகவில்லை.

பூனைக்குட்டிகள் கண் திறந்துவிட்டன. ஒன்று சாம்பல் நிறம், ஒன்று கறுப்பு, இன்னொன்று என்ன நிறம் என்று அதற்கே தெரியவில்லை. கறுப்பு மட்டும் எப்போதும் எடைத் தராசில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. இறக்கிவிட்டால் திரும்ப ஏறுகிறது. வாடிக்கைக்காரர்கள் இது என்ன விலை என்று கேட்கிறார்கள். சாம்பலுக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேவலை. தாய்ப் பூனை அவர் செருப்பில்தான் தூங்குகிறது.

உங்கள் பழைய கூட்டாளி தார்ப்பாய்க் கடைக்காரர் வந்து உங்கள் விலாசம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. நான் உள்ளே போன நேரம் பார்த்து நம்ம வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார். கேட்டால், "ஒரு மனுஷன் அன்பா கேக்கிறான்" என்கிறார். இரண்டு நாளாக அவருக்குக் காபி கிடையாது.

வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டு உரித்தால் கண் எரியாது.

தங்கை

*

மே 9

தங்கைக்கு,

நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

வாங்க வந்தவன் சரக்கைப் பற்றி ஒரு பக்கம் புகழ்ந்தால் வாங்க மாட்டான் என்று அர்த்தம். நீ ஒரு பக்கம் பூனையைப் புகழ்ந்திருக்கிறாய். என் அறையை என்ன செய்தாய்? வாடகைக்கு விட்டாயா? மாப்பிள்ளை உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாரா? ஒரே ஒரு வரி எழுது.

அண்ணன்

*

மே 26

தங்கைக்கு,

பதில் இல்லை. தபால்காரரை வாசலிலேயே மடக்கிக் கேட்டுக் கேட்டு, அவர் இப்போது எதிர்ச் சாரியில் போகிறார்.

நீ சொல்லாததைத் தார்ப்பாய்க்காரன் வந்து சொன்னான். நேற்று மதியம் கார் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டான். எத்தனை வருஷம் ஒன்றாக உட்கார்ந்து குடித்தவன்! என்னைப் பார்த்ததும் கண் கலங்கினான். "உன் தங்கச்சி உன் ரூம் பூரா பக்கெட் அடுக்கி வச்சிருக்கா, தெரியுமா? தரையிலேருந்து கூரை வரைக்கும். கதவு திறக்கவே முடியாது. நீ இனி வரவே மாட்டேன்னு முடிவு பண்ணிட்டா. உன் வீடு, உன் கடை, யார் உன்னைக் கேக்கிறது? வா, ஏறு வண்டியில" என்றான்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. முதலில், அந்த அறை என்னுடையது. அடுத்து, மழை சீசன் முடிந்து, பொங்கலும் முடிந்து, ஒருவனும் வாளியை ஏறெடுத்துப் பார்க்காத மாசத்தில் கூரை முட்ட வாளி வாங்கிப் போடுகிறவள் வியாபாரியா? எந்தக் கம்பெனிக்காரன் உன் தலையில் கட்டினான்? பணம் கொடுத்துவிட்டாயா, இன்னும் இல்லையா?

மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அண்ணன்

*

மே 30

அண்ணா,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் அங்கே இருக்கிறீர்களா, தார்ப்பாய்க்காரர் வண்டியில் இருக்கிறீர்களா என்றே தெரியாமல் எழுதுகிறேன்.

வாளிகளை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே போய் வாங்கினேன். விற்பதற்காக வாங்கவில்லை.

மாடி அறை ஜன்னலுக்கு நேர் கீழே என்ன கடை இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கயிற்றில் வாளியைக் கட்டி இறக்குவீர்கள், அந்தக் கடைக்காரன் பாட்டிலை வைத்து மேலே அனுப்புவான். "குடிக்கிறதுக்காக நான் ஒரு நாளாவது படி இறங்கியிருக்கேனா?" என்று பெருமை வேறு. ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை டீ எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். கயிறு கையில் இருந்தது, நீங்கள் தரையில் கிடந்தீர்கள். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தது நான். இன்னொரு முறை அப்படி விரல் வைக்க என்னால் ஆகாது.

வராதீர்கள் என்று எப்படிச் சொல்வேன்? வீடு உங்களுடையது, நான் சாப்பிடுவது உங்கள் சோறு. நாலு தடவை எழுதி எழுதிக் கிழித்தேன். சொல்ல வாய் வரவில்லை, வாளி வாங்கக் கை வந்தது. நம்ம தொழிலில் சுலபமாகக் கிடைக்கிற சாமான் அதுதானே. அடுக்கிக்கொண்டே போனேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், ஒரு கேள்வி கேட்கவில்லை.

நீங்கள் வந்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் நீங்களேதான் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். நான் ஒரு வாளிகூடத் தொட மாட்டேன்.

தங்கை

*

ஜூன் 6

அன்புத் தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி. மாப்பிள்ளைக்கும் கொடு.

சென்ற கடிதத்தில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். தார்ப்பாய்க்காரன் கூப்பிட்டதும் நான் வண்டியில் ஏறிவிட்டேன். ஆமாம், ஏறினேன். கண்டக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், விசிலும் ஊதவில்லை. வண்டி நகர்ந்ததும் இவன் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, மூடியைத் திருகி, என் பக்கம் நீட்டினான். வாசனை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நாக்கு அதைத் தெரிந்துகொண்டது. கை பாதி தூரம் போய்விட்டது. தெருமுனை திரும்பும்போது தூக்கி வாரிப்போட்டது. "நிறுத்துடா! அடுப்புல அரிசி இருக்கு!"

"அரிசியா? உனக்கா?" என்றான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எவனாவது இறக்கி வைப்பான், உக்காரு."

"எவனும் வைக்க மாட்டான். என் வேலையை யாரும் தொடக் கூடாதுன்னு தீர்ப்பு" என்று சொல்லிக் கதவைத் திறந்து இறங்கி ஓடினேன். இந்த வயதில், இந்த இடுப்போடு! நான் போய்ச் சேர்ந்தபோது அரிசி களியாகி அடியும் பிடித்துவிட்டது. கண்டக்டர் ஊதுகிற மெஷினை நீட்டினார், ஊதினேன், ஒன்றும் காட்டவில்லை. ஐந்து பேரும் வந்து உட்கார்ந்து அந்தக் களியைச் சாப்பிட்டார்கள். துடைப்பானுக்கு மாதக்கணக்கில் சிரித்த பாவிகள், அன்றைக்குத் தட்டை வழித்து நக்கினார்கள்! வாத்தியார், "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார்.

உனக்குக் கோபக் கடிதம் எழுதியது அதற்கு மறுநாள். கோபம் உன் மேல் இல்லை என்று எழுதும்போதே தெரிந்தது, ஆனாலும் தபாலில் போட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டுக் கண்டக்டரிடம் போய், தொடர்ந்து இருக்க விரும்புகிறேன், கூட்டம் போடுங்கள் என்றேன். "எதுக்கு இருக்கணும்னு சொல்லுங்க" என்று எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். எத்தனையோ பார்ட்டியைப் பேசிக் கவிழ்த்தவன் நான். அன்றைக்கு ஒரு வித்தையும் காட்டவில்லை. கார் கதையைச் சொன்னேன். அப்புறம், "எனக்குப் போக வேற இடம் இல்லை. இருந்த ரூம்ல பக்கெட் இருக்கு" என்றேன்.

நாலு பேர் சம்மதம். பல் டாக்டர் கையைத் தூக்கி, "எனக்கு ஆட்சேபணை" என்றான். ஒருவர் போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"மனுஷன் தங்கம். ஆனா குறட்டை! லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு. மூணு மாசமா நான் தூங்கலை. தூங்காதவன் என்ன ஆவான்னு இங்க எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. உடனே எனக்கு வியாபார புத்தி திரும்பிவிட்டது. சமையலறைக்குப் பின்னால் சாமான் வைக்கிற சின்ன அறை ஒன்று இருக்கிறது. "அதை எனக்குக் கொடுங்க, மூட்டையெல்லாம் நான் அடுக்கித் தர்றேன்" என்றேன். டாக்டர் கை இறங்கியது. அறை சின்னது, ஜன்னல் கிடையாது. எனக்கு இப்போது அதுதான் தோது. வாடகையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன், கண்டக்டர் மசியவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் கடிதமே எழுதுகிறேன். போனில் நீ பூனை கதையை ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

மாப்பிள்ளையை உட்காரச் சொல். வாளிகளைச் சீசன் பார்த்து நல்ல விலைக்குத் தள்ளிவிடு.

அண்ணன்

*

ஜூன் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். உங்கள் கடிதத்தை என்னால் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. மீதியை அவர் கடையில் நின்று உரக்கப் படித்தார். குறட்டை வந்த இடத்தில் வாடிக்கைக்காரர் ஒருவர், "அது உண்மைதாங்க, நாங்க நாலு வீடு தள்ளி இருக்கோம்" என்றார்.

வாளி விஷயம். நேற்று பெரிய ஓட்டல்காரர் ஒருவர் வந்தார். உள்ள வாளி அத்தனையும் வேண்டும், கேட்ட விலை, கையில் ரொக்கம், வண்டியும் வாசலில் நிற்கிறது என்றார். நான் விலையை ஏற்றினேன். அதற்கும் சரி என்றார். இன்னும் ஏற்றினேன். அதற்கும் சரி என்றுவிட்டார். அதற்கு மேல் ஏற்ற எனக்கு வெட்கமாக இருந்ததால், விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

இப்படி ஒரு வியாபாரியை எங்கேயும் பார்த்ததில்லை என்று என்னைத் திட்டுவீர்கள். நன்றாகத் திட்டி எழுதுங்கள், ஒரு பக்கம் போதாதென்றால் இரண்டு பக்கம் எழுதுங்கள். அங்கே இருந்தே எழுதுங்கள்.

தங்கை